திவாலிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன பிறகு பழைய பாக்கியைத் தருவதாக எழுதிக் கொடுக்கலாமா?

தறி நொடித்து ஐபி (திவால் மனு) கொடுத்த அப்பாவுக்கு நீதிமன்றம் டிஸ்சார்ஜ் (கடன்களிலிருந்து விடுதலை) கொடுத்துவிட்டது, நூல் கடைக்காரருக்குப் பழைய பாக்கியைத் தந்துவிடுவதாக எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணமாகக் கொடுங்கள், எழுத்தாக வேண்டாம். நகரியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்து மனசு கேட்காமல்தான் சொல்கிறேன்.

முதலில் கையில் இருப்பது டிஸ்சார்ஜ் உத்தரவுதானா என்று பாருங்கள். திவாலானவர் என்று அறிவிக்கும் உத்தரவு வேறு. பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். கெடுவுக்குள் டிஸ்சார்ஜுக்குத் தனியாக மனு போடாவிட்டால் அந்த அறிவிப்பே ரத்தாகும். டிஸ்சார்ஜ் வந்துவிட்டால் 1920ஆம் வருட மாகாண திவால் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி கடன் தீர்ந்தது. அரசு பாக்கி, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் போன்றவை தீராது.

“எப்படியும் கொடுத்துடறேண்ணா” என்று வாயால் சொல்வதால் தீர்ந்த கடன் திரும்பி வராது. மூன்று வருடம் தாண்டிய கடனுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லுமே என்பார்கள். ஒப்பந்தச் சட்டம் 25(3) சொல்வது அப்படிக் காலாவதியான கடனுக்கு மட்டும், டிஸ்சார்ஜில் தீர்ந்த கடனுக்கு அல்ல.

ஆபத்து புரோநோட்டில்தான் இருக்கிறது. “பழசை விடு தம்பி, ரெண்டு மூட்டை நூல் எடுத்துக்கோ, எல்லாத்தையும் சேர்த்து ஒரே நோட்டா போட்டுக்கலாம்” என்பார் கடைக்காரர். நூல் கைக்கு வந்ததும், பழைய பாக்கியும் சேர்ந்த அந்த நோட்டுக்குப் புதுப் பிரதிபலன் (வாக்குக்கு ஈடாகக் கிடைத்த பொருள்) வந்துவிடுகிறது. பல இடங்களில் தொகையைக்கூட எழுதாமல், அச்சடித்த நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள். புரோநோட்டு என்றால் பிரதிபலன் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார் என்றே நீதிமன்றம் தொடங்கும். இல்லை என்று நிரூபிப்பது கையெழுத்துப் போட்டவர் பாடு. அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அப்பாவின் கடன் உங்கள் கடனாகிவிடும். புது நூல் வேண்டுமானால் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள்.

கொடுக்க மனசு இருப்பது பெரிய விஷயம். சட்டமும் தடுக்கவில்லை. முடிந்தபோது முடிந்ததைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் கடைக்காரருக்குக் கொடுப்பதற்கு முன்னால், அப்பாவின் கடனுக்கு ஜாமீன் போட்டவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். அதே 44ஆம் பிரிவு ஜாமீன்தாரரை விடுவிப்பதில்லை. அப்பா கடனிலிருந்து வெளியே வந்தபிறகும் ஜாமீன்தாரர்மேல் வழக்குப் போட்டு, டிக்ரி வாங்கி, ஜப்திக்குப் போக முடியும். நட்புக்காகக் கையெழுத்துப் போட்ட மனிதர் அவர். இதுவரை கைக்காசில் எவ்வளவு கட்டினார் என்று கேட்டு, முதல் தவணையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.