வாசகர் கேள்வி: தாத்தாவின் வெஸ்பா இத்தாலியா, இந்தியாவா?

கேள்வி: எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தாவின் பழைய வெஸ்பா 150 ஷெட்டில் கிடக்கிறது. ஹேண்டிலுக்குக் கீழே அறுகோண பியாஜியோ முத்திரை இருப்பதால் 1962-ல் இத்தாலியில் செய்ததுதான் என்கிறார் ஒருவர். எப்படி உறுதி செய்வது? பெயின்ட் அடித்துவிட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பெயின்ட் இப்போது வேண்டாம், தயவுசெய்து. பளபளப்பாக்கும் ஆசையில் ஒரு பட்டறையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சேஸிஸ் நம்பரின் பாதியை அழித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வண்டியும் போச்சு, ஆர்.சி. புக்கும் வெறும் காகிதமாச்சு.

முதலில் அந்த முத்திரை. வெஸ்பாவைச் செய்யும் இத்தாலியக் கம்பெனியான பியாஜியோ அறுகோண முத்திரைக்கு மாறியதே 1967-ல்தான். அதனால் ஒன்று வண்டிக்கு 1962 இல்லை, அல்லது முத்திரை பிறகு ஒட்டியது. எதுவானாலும் அது சாட்சி ஆகாது, கடையில் வாங்கிவிடலாம்.

வலப்பக்க மூடியைக் கழற்றி, பாடியில் அடித்திருக்கும் எண்ணை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். அந்தக் கால இத்தாலிய 150-ல் விபிபி1டி (VBB1T) என்பதுபோலத் தொடங்கும், பக்கத்தில் நட்சத்திரக் குறியும் ஐஜிஎம் (IGM) என்ற இத்தாலிய அரசு ஒப்புதல் குறியும் இருக்கும். இன்ஜினில் அதே எழுத்துகள், ஆனால் கடைசியில் டி-க்குப் (T) பதில் எம் (M). இத்தாலிய மொழியில் டெலாயோ என்றால் ஃபிரேம், மோட்டோரே என்றால் இன்ஜின், அவ்வளவுதான் விஷயம். இரண்டையும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பாருங்கள். எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தாலோ, சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள்.

அப்புறம் சீட்டைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, டேங்கை மேலே தூக்குங்கள். அடிப்பக்கத்தை யாரும் தேய்க்க மாட்டார்கள், நாலு தடவை பெயின்ட் மாறிய வண்டியில்கூடத் தொழிற்சாலை நிறம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இடப்பக்க மூடியில் டிக்கி இருந்தால் அதன் உள்பக்கமும் அப்படியே. அந்த நிறத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பிறகு டிங்கரிங்கிற்கு விடுங்கள். நம் மலையில் ஈரம் உள்ளே தங்குவதால் தரைத் தகட்டுக்கு அடியில்தான் துரு அதிகம் இருக்கும். அங்கே கனமாகப் பட்டி பூசியிருந்தால் விரலால் தட்டினாலே மந்தமான சத்தம் வரும்.

சரி, கடைசியில் அது பஜாஜ் செய்ததாகவே இருக்கட்டும். 1960-களின் தொடக்கத்திலிருந்து 1971 வரை பியாஜியோ உரிமத்தில் இங்கேயே வெஸ்பா வந்தது, அந்தக் காலத்தில் எஸ்டேட்டுக்கு ஏறிவந்தவற்றில் பெரும்பாலானவை அவைதான் என்பது என் ஊகம். அதில் தலைக்குனிவு ஒன்றும் இல்லை. உதிரிப் பாகம் கிடைக்கிற வண்டி ஓடும், கிடைக்காத வண்டி ஷெட்டில்தான் நிற்கும்.

கேள்வி: நீள்சதுர ஹெட்லைட் வைத்த லாம்ப்ரட்டா ஜிபி, 1965 இத்தாலித் தயாரிப்பு என்று சொல்லி இருமடங்கு விலை கேட்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: வேண்டாம் அம்மா, அந்த விலைக்கு வேண்டாம். இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பெர்த்தோனே வடிவமைத்த ஜிபி, இத்தாலியில் 1969-ல்தான் வந்தது. லாம்ப்ரட்டாவைச் செய்த இன்னொசென்டி கம்பெனி 1971-ல் அதை நிறுத்தியதும் இயந்திரங்கள் லக்னோவுக்கு வந்தன, 1972-ல் தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா அதே உடலோடு விஜய் சூப்பரைச் செய்தது. விற்பவர் காட்டுவது அதுவாக இருக்கலாம். விஜய் சூப்பர் விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: ஊட்டி மெக்கானிக் கார்புரேட்டரில் சின்ன ஜெட் போட்டிருக்கிறார். ஒரிஜினல் தன்மை போய்விட்டதா?
– வாசகர், உதகை

பதில்: அவர் கெட்டிக்காரர். 2,200 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு, பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டில் சமவெளி அளவைப் போட்டால் பெட்ரோல் அதிகமாகி பிளக் கறுக்கும். பழைய ஜெட்டைக் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், மேட்டுப்பாளையத்துக்குக் கீழே போய்க் குடியேறினால் தேவைப்படும்.