"குடு, நான் போட்டுத் தர்றேன்!"

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருக்கிறேன். போன டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று பக்கத்துச் சிறப்புப் பள்ளிக் குழந்தைகளை வரவழைத்து ஓவிய முகாம் நடத்தினோம். எங்கள் பிள்ளைகள் பாசமாகத்தான் பழகினார்கள். ஆனால் கிளம்பும்போது அந்தப் பள்ளி டீச்சர், "எங்க பசங்க ஒன்னுமே வரையலீங்க. எல்லாம் உங்க பசங்களே போட்டுக் குடுத்துட்டாங்க" என்றார். இந்த வருடமும் நடத்தச் சொல்கிறார் ஹெச்.எம். எதை மாற்றுவது?

- வாசகி, பெருந்துறை

பதில்: உங்கள் பிள்ளைகள் மேல் தப்பில்லைங்க. மலை, சூரியன், தென்னைமரம் என்று எல்.கே.ஜி.யிலிருந்து போட்டுப் போட்டு அவர்களுக்குக் கை பழகிவிட்டது. பக்கத்தில் ஒரு பிள்ளை கிரேயானைப் பிடிக்கவே திணறினால், "குடு, நான் போட்டுத் தர்றேன்" என்று வாங்கத்தான் செய்வார்கள். போதாததற்கு காலை பிரேயரிலேயே "அவங்களுக்கு உதவி பண்ணணும்" என்று நாமும் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

இந்த முறை பேப்பரையும் கிரேயானையும் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குமே கை பழகாத பொருளாக எடுங்கள். திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதற்கு யோசனை? பனியன் கட்டிங் வேஸ்ட் போதும். பழைய சைக்கிள் ரிம், கால் உடைந்த நாற்காலி, காய்ந்த தென்னை மட்டை, எதையாவது நடுவில் வைத்து, துணிப் பட்டையைச் சுற்றவும் முடிச்சுப் போடவும் விடுங்கள். கண் தெரியாத பிள்ளையின் விரலுக்கும் அது புரியும். பிடி தளர்ந்த கைக்கு அகலமான பட்டையாகக் கொடுங்கள்.

அமெரிக்காவின் ஜூடித் ஸ்காட், அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர், காதும் கேட்காது. முப்பது வருடங்களுக்கு மேல் காப்பகங்களில் கிடந்தவரை, 1987-ல் அவரது இரட்டைச் சகோதரி ஓக்லண்டில் உள்ள கிரியேட்டிவ் குரோத் என்ற கலைக்கூடத்தில் சேர்த்தார். அங்கே படம் வரைவதில் அவருக்கு ஒட்டுதலே வரவில்லை. நூல் கைக்கு வந்த பிறகு நிறுத்தவே இல்லை. 2005-ல் இறக்கும்வரை பொருட்களை நூலாலும் துணியாலும் சுற்றிச் சுற்றிச் சிற்பங்கள் செய்தார். இன்று பெரிய அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. கிரேயானோடு விட்டிருந்தால் அவரையும் 'ஒன்றும் வராது' என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, நம் ஊர் மஞ்சள். தூளைக் கரைத்து வெள்ளைத் துணியில் பூசி, முதல் நாளே காயப்போட்டுவிடுங்கள். ஆப்பசோடாக் கரைசலில் விரலையோ ஸ்பாஞ்சையோ நனைத்துத் துணியில் வைத்தால், வைத்த இடம் செங்கல் நிறத்துக்கு மாறும். ஆரத்தித் தட்டில் நடக்கும் அதே சங்கதிதான். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. விரல் பட்டாலே போதும் என்பதால் யாரும் யாருக்கும் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: கேட்காமல் அடுத்தவர் கையில் இருப்பதை வாங்கக்கூடாது. மூன்றே முடிச்சுப் போட்டுவிட்டு ஒரு பிள்ளை எழுந்து போனாலும், அவன் பங்கு அதோடு நிறைவுதான்.

மைக் செட் வேண்டவே வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு அந்தச் சத்தம் தாங்காது. ஒதுங்கி உட்கார ஒரு வகுப்பறையைக் காலியாக விடுங்கள். காது கேளாதவர்கள் இருந்தால் வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுங்கள். உங்களிடம் குறைபட்ட அதே டீச்சரிடம், எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று கேளுங்கள். திட்டம் போடும்போதே அவர் கூட இருக்க வேண்டும்.

முதல் தடவை உங்கள் பிள்ளைகள் அந்தச் சிறப்புப் பள்ளிக்குப் போகட்டும். விருந்தாளியாகப் போனால் அதிகாரம் கொஞ்சம் குறையும். அப்புறம் மாற்றி மாற்றி நாலைந்து சனிக்கிழமை. அதுவரை செய்ததை டிசம்பர் 3 அன்று காட்சிக்கு வைத்தால் போதும். "ஒரு நாள் பத்தாதா?" என்று ஹெச்.எம். கேட்டால், மற்றவர்களுக்குச் சமமாகக் கல்வியும் விளையாட்டும் பொழுதுபோக்கும் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டுங்கள். போட்டோ எடுப்பதென்றால் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செய்த பொருளுக்குக் கீழே பிள்ளைகளின் பெயர் மட்டும் இருக்கட்டும். பள்ளிப் பெயர் எதற்கு?

துணிக்குப் பெரிய செலவு ஆகாது. தெரிந்த கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் சொல்லி வைத்தால் மூட்டையாகவே கட்டித் தருவார்கள். ஊசி, பின் ஏதாவது கிடக்கிறதா என்று மட்டும் நீங்களே ஒரு தடவை உதறிப் பார்த்துவிடுங்கள்.