கட்டத்துக்குள் கணக்கு: வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பிய விவரம் முழுவதையும் எக்செலில் ஒரே கட்டத்தில் அடித்து வைத்திருக்கிறார். 'சிங்கிள் ஜெர்சி / மெரூன் / 160 ஜி.எஸ்.எம் / 24 டயா / 12 ரோல் / 248.6' என்று துணி வகை, நிறம், கனம், விட்டம், ரோல், கிலோ வரிசையில் நாலாயிரம் வரி இருக்கிறது. எந்த நிறத்துக்கு எத்தனை கிலோ போனது என்று முதலாளி கேட்கிறார். திரும்ப அடிக்க ஆரம்பித்து இருநூறு வரி முடித்திருக்கிறேன். இதற்குக் குறுக்கு வழி ஏதாவது உண்டா?
(வாசகி, திருப்பூர்)

அம்மிணி, அடிப்பதை இப்போதே நிறுத்துங்கள். கை வலிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாலாயிரம் வரி திரும்ப அடித்தால் நாற்பது இடத்திலாவது 248, 284 ஆகிவிடும். சாயப்பட்டறைக்குப் போன எடைக்கும் திரும்பி வந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் முதலாளி பேசப் போகிறார். அந்த எண்கள் அசல் மாதிரியே இருக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் இதே ஊரில் டி.சி. (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) புத்தகத்தோடு உட்கார்ந்தவள் நான். முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இனிச் செய்வதெல்லாம் நகலில்தான்.

அடுத்து, எதையும் அழுத்துவதற்கு முன்னால் வரிகளைக் கண்ணால் மேய்ந்து பாருங்கள். விவரங்களைப் பிரிப்பது சாய்கோடு என்பது தெரிகிறது. ஆனால் சில வரியில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும், சிலதில் இருக்காது. அப்படியே பிரித்தால் 'மெரூன்' ஒன்று, முன்னால் இடைவெளியோடு இன்னொரு 'மெரூன்' என்று இரண்டு நிறமாக நிற்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், கூட்டும்போது தனித்தனியாக வரும். அதனால் அந்தக் கட்டங்கள் மேலிருந்து கீழாக நிற்கும் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலோடு எச் அழுத்தி, 'இடைவெளி, சாய்கோடு' என்று இருப்பதை வெறும் சாய்கோடாக மாற்றுங்கள். 'சாய்கோடு, இடைவெளி' என்பதையும் அப்படியே மாற்றுங்கள்.

பிறகு வலது பக்கம் ஆறு பத்திகள் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே டி.சி. நம்பரோ தேதியோ இருந்தால் புதுப் பத்திகளை நுழைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதட்டுமா என்று எக்செல் கேட்கும்; அவசரத்தில் ஓகே கொடுத்துவிட்டால் டி.சி. நம்பர் போய்விடும்.

இனி, டேட்டா என்ற பட்டையில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்'. முதல் திரையில் 'டீலிமிட்டட்'. இரண்டாவதில் மற்ற டிக் எல்லாம் எடுத்துவிட்டு, 'அதர்' பெட்டியில் சாய்கோட்டை மட்டும் அடியுங்கள். கீழே கோடு போட்டுக் காட்டும். மூன்றாவது திரையில் 'டெஸ்டினேஷன்' என்ற இடத்தில் பக்கத்துப் பத்தியின் முதல் கட்டத்தைக் கொடுங்கள். பழைய பத்தி தொடாமல் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

முடிந்ததும் ஆறாவது பத்தி காலியாக உள்ள வரிகளையும், ஏழாவது பத்திக்கு ஏதாவது வழிந்திருக்கிறதா என்பதையும் ஃபில்டர் போட்டுப் பாருங்கள். 'நேவி/ஒயிட்' என்று நிறத்துக்குள்ளேயே சாய்கோடு போட்டிருந்தால் அந்த வரி ஒரு பத்தி தள்ளிப் போயிருக்கும். அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். பத்து இருபது வரிக்கு மேல் இருக்காது. 'ஜி.எஸ்.எம்', 'டயா', 'ரோல்' என்ற சொற்களை அந்தந்தப் பத்தியில் ரீப்ளேஸ் போட்டு எடுத்துவிட்டால் எண் மட்டும் நிற்கும். அப்புறம் பிவட் டேபிளில் (வகைவாரியாகக் கூட்டித் தரும் அட்டவணை) நிறத்தையும் கிலோவையும் இழுத்துப் போட்டால் முதலாளி கேட்டது வந்துவிடும்.

அந்த மூன்றாவது திரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலரும் அதைப் படிக்காமலே ஃபினிஷ் அழுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் அழுத்தினேன். ஒரு தீபாவளி சமயம், பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் ஒரே கட்டத்தில் இருந்த போனஸ் பட்டியலைப் பிரித்தேன். அந்தத் திரையில் எல்லாப் பத்தியும் 'ஜெனரல்' என்றுதான் இருக்கும். அப்படி விட்டால் எக்செல் கணக்கு எண்ணைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். எண்ணில் 15 இலக்கம் வரைதான் அது சரியாக வைத்திருக்கும், 16வது இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் உதிர்ந்துவிடும். மூன்று டெய்லர்களின் பணம் திரும்பி வந்தது. அதில் ஒருவர் தேனிக்குப் போகக் குடும்பத்தோடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போன் செய்தார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கணக்கு எண், பின்கோடு, லாட் நம்பர் எதுவானாலும் அந்தப் பத்தியைத் தொட்டு 'டெக்ஸ்ட்' என்று மாற்றிய பிறகே முடியுங்கள். தேதி இருந்தால் 'டேட்' எடுத்து, நாள்-மாதம்-வருஷம் என்ற வரிசையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்து ஆகஸ்ட் 5 மே 8 ஆகிவிடும்.

நாளை முதல் நீங்கள் எழுதும் வரிகளுக்கு ஆறு பத்தி தலைப்புப் போட்டுத் தனித்தனியாகவே அடியுங்கள். இந்த வசதி ஒரு தடவை வெட்டித் தருவது, புதிதாகச் சேர்க்கும் வரியை அது தானாகப் பிரிக்காது.

கேள்வி: மஞ்சள் மண்டியில் வேலை. விவசாயியின் பெயர், ஊர், செல் நம்பர் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. நடுவில் கமாவும் இல்லை, கோடும் இல்லை. எதை வைத்துப் பிரிப்பது?
(வாசகர், ஈரோடு)

ஆல்ட் பிடித்து என்டர் தட்டி அடித்திருக்கிறார்கள் தம்பி. அந்த வரி முறிவும் ஓர் எழுத்துதான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மேலே சொன்ன அதே 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' இரண்டாவது திரையில், 'அதர்' பெட்டிக்குள் கர்சரை வைத்து கண்ட்ரோலோடு ஜே அழுத்துங்கள். பெட்டி காலியாக இருப்பது போலத் தெரியும், சின்னதாக ஒரு புள்ளி மட்டும் துடிக்கும். கீழே மூன்றாகப் பிரிந்து காட்டினால் சரி. வேலை முடிந்ததும் எக்செலை ஒரு தடவை முழுதாக மூடித் திறந்துவிடுங்கள். கடைசியாகக் கொடுத்த பிரிப்பானை அது நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டுவதையும் கேட்காமலே பிரித்துவிடும்.

கேள்வி: பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி. எண்ணிலிருந்து மாநிலத்தையும் பான் எண்ணையும் தனியே எடுக்க முடியுமா?
(வாசகர், பீளமேடு)

முடியும்ங்க. அந்த எண் எப்போதும் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான். இங்கே பிரிப்பான் தேவையில்லை. அதே 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' முதல் திரையில் 'ஃபிக்ஸட் விட்த்' எடுத்து, அளவுகோலில் 2-லும் 12-லும் சொடுக்கிக் கோடு போடுங்கள். தமிழ்நாடு 33, பாலக்காட்டுப் பக்கம் வாங்குகிறவர்களுக்கு 32 என்று வந்து நிற்கும். முதல் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்க மறக்காதீர்கள், டெல்லிக்காரருக்கு 07.