வெற்றிலை மையும் சர்க்காரின் செம்பும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் கல்கத்தாப் பயணக் கட்டுரையில், மந்திரவித்தைக்காரர் சர்க்காரின் பெயரில் அங்கே ஒரு வீதி இருக்கிறது என்று எழுதிவிட்டு இரண்டே வரியில் கடந்து போய்விட்டீர்கள். அதைப் பற்றி இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சிறுவர் தினத்துக்கு வவுனியாவிலிருந்து ஒரு வித்தைக்காரரை அழைத்திருந்தோம். இரண்டு மணி நேரம் பிள்ளைகள் அசையவில்லை. அடுத்த கிழமை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "எங்கட பிள்ளையளை எல்லாரும் ஏமாத்தினது காணாதே? பள்ளிக்கூடத்துக்குள்ளயும் ஏமாத்து வித்தை வேணுமோ?" என்று கேட்டார். அவருடைய இரண்டு மகன்மாரும் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

இந்த வித்தை வெள்ளைக்காரன் கொண்டு வந்ததா, எங்களுடையதா? ஒரு நகரம் ஒரு வித்தைக்காரருக்கு வீதி கொடுக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? அடுத்த வருடமும் அவரை அழைக்கலாமா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் பெரியவர் கேட்டது மூன்று நாளாக மனதை விட்டுப் போகவில்லை. அவருக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்றும் யோசித்தேன். உண்டு என்றே நினைக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மற்றக் கேள்விகள்.

வித்தை எங்களுடையதுதான். எங்கள் மொழியே அதற்குச் சாட்சி. செப்படி வித்தை என்கிறோமே, அது செப்பிடு வித்தை. செப்பு என்றால் சிமிழ். சிமிழைக் கவிழ்த்து, உள்ளே இருந்த உருண்டையை இல்லாமல் செய்து, இன்னொரு சிமிழுக்குள் காட்டுகிற வித்தை. உலகம் முழுக்க இந்தக் கலையின் அரிச்சுவடி அதுதான். இந்திரஞாலம் என்ற சொல் திருவாசகத்திலேயே வருகிறது. வாளும் கேடயமும் ஏந்திக் கயிற்றில் ஏறி வானுக்குப் போகிற மாயாவியை ஆதிசங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் உவமையாக்குகிறார். கேட்பவர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்றை யாரும் உவமையாகச் சொல்ல மாட்டார்கள்.

1810களில் லண்டனுக்குப் போன இந்திய வித்தைக்காரர்களில் ஒருவரை அந்த ஊர்ப் பத்திரிகைகள் 'ராமோ சாமி' என்று எழுதின. எங்கள் ராமசாமிதான். வாளை விழுங்கினார், பித்தளைப் பந்துகளை ஒரே நேரத்தில் சுழற்றினார். வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் அப்படி ஒருவர் நான்கு பந்துகளைச் சுழற்றுவதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு செம்மையாகச் செய்ய எனக்கு என்ன தெரியும், ஒன்றுமில்லையே என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது ராமசாமியைத்தான் என்று பலர் கருதுகிறார்கள். அந்த மனிதர் 1850இல் லண்டனிலேயே இறந்தபோது, அடக்கம் செய்யக் காசில்லாமல் அவர் மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்க வேண்டியிருந்தது. எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையில் ஒரு பிராமணர், ஆங்கிலேயர் 'சேஷால்' என்று எழுதி வைத்தவர், ஒரு தடியின் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு நிலத்திலிருந்து பல அடி உயரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து காட்டினார். 1832இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் படத்தோடு அது வந்தது. தடிக்குள்ளிருந்து சட்டைக் கைக்குள்ளால் ஓடும் ஓர் இரும்புக் கம்பி, உடைக்குள் மறைந்த ஓர் இருக்கையைத் தாங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பாரிஸில் ரொபேர் ஊடின் தம் மகனைக் காற்றில் கிடத்திப் பெயர் வாங்கினார். நவீன மேடை மந்திரத்தின் தந்தை என்று மேற்கு அவரைக் கொண்டாடுகிறது. சேஷாலுக்கு ஒரு படம் மட்டும் மிஞ்சியது.

எங்கள் ஆட்கள் இப்படி மறைய, எங்கள் வேடம் அங்கே நன்றாக விலைபோனது. ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் முகத்துக்குக் கறுப்புப் பூசி, தலைப்பாகை கட்டி, 'ஆவாவின் பக்கீர்' என்ற பெயரில் அமெரிக்கா முழுக்க வித்தை காட்டினார். அவரிடம் உதவியாளாக இருந்து வளர்ந்த ஹரி கெல்லர் அந்த நாட்டின் பெரிய வித்தைக்காரர்களில் ஒருவரானார்.

இதையெல்லாம் மனதில் வைத்துப் பார்த்தால்தான் கல்கத்தா விளங்கும். அங்கே முதலில் பெயரெடுத்தவர் கணபதி சக்ரவர்த்தி. பிரியநாத் போஸ் நடத்திய வங்காள சர்க்கஸ் கூடாரத்தில் கைகால் கட்டப்பட்டுப் பெட்டிக்குள் பூட்டப்பட்டு வெளியே வருவார். 'கம்சனின் சிறை' என்று ஒரு காட்சிக்குப் பெயர் வைத்தார். பூட்டிய சிறையிலிருந்து கண்ணன் வெளியேறிய கதையை அறிந்த சனத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1939இல் காலமானார்.

அவரைக் குருவாகக் கொண்டவர்தான் பிரதுல் சந்திர சர்க்கார், பி. சி. சர்க்கார். 1913இல் இன்றைய பங்களாதேஷின் டாங்காயிலில் பிறந்தவர், கணிதம் படித்தவர். வாலுள்ள கோட்டும் உயரத் தொப்பியும் போட்டால்தான் மந்திரவித்தைக்காரன் என்றிருந்த காலத்தில் மகாராஜா உடுப்பும் இறகு வைத்த தலைப்பாகையுமாக மேடை ஏறினார். காட்சிக்கு 'இந்திரஜால்' என்றே பெயர். கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு நெரிசலான தெருவில் சைக்கிள் ஓட்டுவார். ஹியூஸ் போன்றவர்கள் போட்டுச் சம்பாதித்த வேடத்தை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது. அந்த ஒன்றுக்கே ஒரு வீதி கொடுக்கலாம்.

அவர் பெயர் உலகமெங்கும் போனது 1956 ஏப்ரல் 9ஆம் திகதி இரவு. பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா என்ற செய்தி நிகழ்ச்சியில், 17 வயதுப் பெண்ணை மேசையில் கிடத்திச் சுழலும் வட்ட வாளால் இரண்டாக அறுத்தார். பிறகு அவளுடைய கையைத் தேய்த்து எழுப்பினார். அவள் எழவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். அந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கமெராவுக்கு முன்னால் வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். ஒரு கொலையைப் பார்த்துவிட்டோம் என்று பயந்த சனத்தின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. சர்க்காருக்கு லண்டன் அரங்கு நிறைந்தது.

அந்த இரவை நான் முழு மனதோடு பாராட்ட மாட்டேன். வீட்டில் இருந்தவர்கள் கதிரைக்குக் காசு கொடுத்து வித்தை பார்க்க வந்தவர்கள் இல்லை. செய்தி நிகழ்ச்சி பார்க்க உட்கார்ந்தவர்கள். வித்தைக்கும் செய்திக்கும் நடுவில் இருக்கிற வேலி அன்றைக்குக் கொஞ்ச நேரம் விழுந்து கிடந்தது. உங்கள் பெரியவர் கேட்டதும் அந்த வேலியைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

அந்த வேலி இன்னும் மோசமாக விழுந்த கதையும் உண்டு. இந்தியக் கயிற்று வித்தை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கயிறு மேலே நிமிர்ந்து நிற்க, சிறுவன் ஏறி மறைவான். 1890 ஆகஸ்டில் சிகாகோ ட்ரிபியூன் பத்திரிகை, இரண்டு அமெரிக்கர் அதை இந்தியாவில் நேரில் கண்டதாகச் செய்தி போட்டது. நான்கு மாதம் கழித்து, அது கற்பனையாக எழுதப்பட்டது என்று அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. செய்தி உலகம் சுற்றிவிட்டது, மறுப்பு ஊரைத் தாண்டவில்லை. 1934இல் லண்டன் மந்திரவித்தைச் சங்கம், வெட்டவெளியில் அதைச் செய்து காட்டுபவருக்கு 500 கினி (பழைய ஆங்கிலப் பணம்) தருவதாக அறிவித்தது. அந்தப் பணம் யாருக்கும் கொடுபடவில்லை. "இன்ன முகாமில் உங்கட பிள்ளையைக் கண்டதாம்" என்ற கதை 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு எங்கள் ஊர்களில் எப்படி ஓடியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எனக்குள்ள உரிமையைச் சொல்கிறேன். அந்த மே மாதத்துக்குப் பிறகு என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாமிலிருந்து வெளியே வந்த அடுத்த வருடம், அம்மா ஓர் ஊரில் மை பார்ப்பவரிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் வெற்றிலையில் மையைத் தடவி, ஒரு சின்னப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அதற்குள் பார்க்கச் சொன்னார். பிறகு தானே பேசத் தொடங்கினார். "தெற்குப் பக்கம்... தண்ணி இருக்கிற இடம்... கூட ஆக்கள் நிக்கினம்." ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் என்றதும் அம்மாவின் கண் விரிந்தது, அவர் அதையே பிடித்துக்கொண்டார். தண்ணீர் இல்லாத இடம் இந்தத் தீவில் எங்கே இருக்கிறது? உயிரோடு இருக்கிறான், தை மாதத்துக்குள் வருவான், தோஷம் நீங்க ஒரு கழிப்புச் செய்ய வேண்டும் என்றார். அம்மா காதில் இருந்த தோட்டைக் கழற்றி விற்றார். ஒரு தை அல்ல, பல தை போய்விட்டது.

அங்கே கைத்திறன் எதையும் நான் பார்க்கவில்லை. முகத்தைப் படிக்கிற திறன் மட்டும் இருந்தது. மேடை வித்தைக்காரரிடமும் அது இருக்கும். ஆனால் அவர் வாசலில் எழுதி வைத்துவிட்டுத்தான் செய்கிறார். "நீ வாங்கிய சீட்டுக்கு உன் கண்ணைக் கட்டுவேன், போகும்போது அவிழ்த்து விடுவேன். உன் மோதிரத்தை வாங்கி மறைத்தாலும் திரும்ப உன் விரலில் போட்டு விடுவேன்" என்பதுதான் அது. என் அம்மாவின் தோடு திரும்பி வரவில்லை.

வற்றாப்பளை அம்மன் கோவிலில் கடல்நீரில் விளக்கெரிவதை நான் இந்தப் பேச்சுக்குள் கொண்டுவரவில்லை. அம்மன் முன்னால் நிற்பது வேறு. அங்கே யாரும் தோட்டைக் கழற்றித் தா, உன் பிள்ளையைக் கொண்டு வருகிறேன் என்று கேட்டதில்லை.

ஏபிரகாம் கோவூரைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கேரளத்தில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை ஒருவரும் அதை வெல்லவில்லை. அவரும் உங்களைப் போல ஒரு விஞ்ஞான ஆசிரியர்தான்.

இன்னொன்று. திருவிழாக் காலத்தில் பாம்போடும் குரங்கோடும் வந்து கோவில் வெளியில் குந்துகிற மக்களைக் குறவர் என்கிறோம். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற அஹிகுண்டிகர்கள். எங்கள் மண்ணில் சேஷாலும் ராமசாமியும் இருந்திருந்தால் அவர்களோடுதான் குந்தியிருப்பார்கள். கல்கத்தா மேடைக்கு வீதி கொடுத்தது. தெருவில் வித்தை செய்தவர்களுக்கு எந்த நகரமும் எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த விழாவுக்கு வவுனியாக்காரரோடு அவர்களில் ஒருவரையும் அழைத்து, மேடையில் கதிரை போட்டு, அதே கூலியைக் கொடுங்கள்.

ஆம், அழையுங்கள். ஆனால் அதற்கு முன் அந்தப் பெரியவரைப் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போங்கள். போகும்போது ஒரு பால்மா டின் கொண்டு போங்கள்.

சர்க்காரின் மேடையில் ஒரு செம்பு இருந்தது. 'இந்தியாவின் நீர்' என்று அதற்குப் பெயர். மாலை தொடங்கும்போது கவிழ்த்து வெறுமையாக்குவார். அடுத்த காட்சி முடிந்து வந்து கவிழ்த்தால் மறுபடி தண்ணீர் கொட்டும். இரவு முழுக்க அப்படியே. இந்த வகைச் செம்புக்கு உள்ளே இரட்டைச் சுவர், கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை. துளையை விரலால் அடைத்தால் காற்று உள்ளே போகாது, தண்ணீரும் நகராது. விரலை எடுத்தால் மறைந்திருந்த தண்ணீர் வரும். எட்டாம் வகுப்புப் பாடம்தான்.

உங்கள் டின்னின் அடியில் மெல்லிய ஆணியால் ஐந்தாறு துளை போடுங்கள். மூடியில் ஒன்றே ஒன்று. மூடி விளிம்பைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டு அடைத்துவிடுங்கள். வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நிறைந்ததும் மூடித் துளையை விரலால் பொத்தித் தூக்குங்கள். ஒரு சொட்டும் விழாது. அப்படியே பிடித்துக்கொண்டு அவரிடம் நீட்டி, "அப்பு, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று சொல்லுங்கள். விரலை எங்கே வைப்பது என்று அவருக்குக் காட்டிக் கொடுங்கள். எப்போது எடுப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

அன்புடன்,
அண்ணா