உவர் மண்ணில் சைத்தூன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வளவு மட்டக்களப்பு வாவியின் ஓரத்தில் இருக்கிறது. கோடையில் நிலம் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். கத்தரியும் மிளகாயும் தேறுவதில்லை. சைத்தூன் உப்பைத் தாங்கும் என்கிறார்கள். எங்கள் பிரதான வீதியில் பேரீச்சை காய்க்கும்போது சைத்தூன் காய்க்காதா? எந்த இனத்தை நடலாம்? (காத்தான்குடி வாசகர்)

பதில்: ஒலிவ் எனப்படும் சைத்தூன் உப்பை ஓரளவு தாங்கும் என்பது உண்மை. மண்ணின் உவர்த்தன்மையை மின்கடத்துதிறனால் அளப்பார்கள். மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டிய மண்ணை உவர் மண் என்கிறோம். கடல் நீர் ஏறத்தாழ 50. நெல்லின் விளைச்சல் 3-ஐத் தாண்டும்போதே குறையத் தொடங்கும். ஒலிவோ இனத்துக்கேற்ப 4 முதல் 6 வரை பெரிய இழப்பின்றித் தாக்குப்பிடிக்கும். கிரேக்கத்தின் கலமாட்டா, தூனிசியாவின் செம்லாலி, இத்தாலியின் பிரன்டோயோ ஆகியன இதில் பெயர் பெற்றவை. அதே இத்தாலியின் லெச்சினோ விரைவில் வாடிவிடும். உறிஞ்சிய சோடியத்தை இலைகளுக்கு ஏறவிடாமல் வேரிலேயே தடுத்துவைக்கும் ஆற்றல் எந்த இனத்துக்கு அதிகமோ அந்த இனமே உவர் நிலத்தில் நிலைக்கிறது. மண்ணில் போதிய கல்சியம் இருந்தால் அந்த ஆற்றல் மேலும் வலுப்பெறும்.

ஆனால் வேர் இந்த வேலையைச் செய்வதற்குக் காற்று வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாவி பெருகி வளவில் நீர் தேங்கும்போது, மூச்சுத் திணறும் வேரால் உப்பைத் தடுக்க இயலாது. கோடையில் உப்பும் மாரியில் வெள்ளமும் மாறி மாறி வரும், வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை நிலம், மத்தியதரைக் கடலோரத்தின் வடிகாலுள்ள சுண்ணாம்புச் சரிவுகளைப் போன்றதன்று.

இதைவிடப் பெரிய தடை நம் காலநிலை. பேரீச்சைக்கு வேண்டியது வெப்பம். அதனால்தான் உங்கள் வீதியில் அது காய்க்கிறது. ஒலிவின் பூமொட்டு விழித்தெழுவதற்கோ சில வாரங்கள் நீடிக்கும் குளிர்காலம் வேண்டும். பகலும் இரவும் 12 பாகை செல்சியஸை ஒட்டி ஏறி இறங்கும் காலநிலையே அதற்கு உகந்தது. மட்டக்களப்பில் தை மாத இரவில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ராஜஸ்தானின் பாலைநிலத்தில் இஸ்ரேலியரின் உதவியுடன் ஒலிவ் நட்டிருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே கோடை சுட்டெரித்தாலும் குளிர்கால இரவுகள் நடுங்கவைக்கும். அர்பெகினா போன்ற சில இனங்களுக்குக் குறைந்த குளிரே போதும் என்றாலும், அந்தக் குறைந்த குளிரும் நம் கரையோரத்தில் கிடைப்பதில்லை. ஆகவே நீங்கள் நடும் மரம் செழித்து வளரக்கூடும், காய்க்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அதை நம்பிக் காணி முழுவதையும் ஒதுக்க வேண்டாம் என்று உங்களை வருந்திக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வெரளிக்காயும் ஒலிவ் இனந்தானா? (கல்முனை வாசகர்)

பதில்: இல்லை. ஆங்கிலத்தில் அதைச் சிலோன் ஒலிவ் என்று அழைப்பதால் வந்த மயக்கம் இது. காயின் வடிவம் ஒத்திருந்தாலும் குடும்பம் வேறு. ஒலிவுக்கு உண்மையான உறவு நம் முற்றத்து மல்லிகைதான்.

கேள்வி: உறவினர் தந்த ஒலிவ் கன்றொன்றை நான்கு வருடமாகத் தொட்டியில் வளர்க்கிறேன். முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகி உதிர்கின்றன. தினமும் கிணற்று நீர் ஊற்றுகிறேன். (திருக்கோவில் வாசகர்)

பதில்: நுனியில் தொடங்கும் கருகல் பெரும்பாலும் சோடியமும் குளோரைட்டும் இலையில் சேர்ந்ததன் அடையாளம். தினமும் சிறிதளவு நீர் ஊற்றுவதே இங்கு தவறு. நீர் ஆவியாகிப் போகிறது, அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மேல்மண் காய்ந்த பின்னர், அடித்துளையால் தாராளமாக வழியும்வரை ஒரே முறையில் ஊற்றுங்கள். இயலுமானால் மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். மாரியில் தொட்டியை வெளியே வைத்தால் வானமே உப்பைக் கழுவித் தரும், ஆனால் அடித்துளை அடைபடாதிருக்க வேண்டும். ஈரம் காக்கப் பொச்சு பரப்புவதாயின், வாவியில் ஊறப்போட்ட பொச்சைத் தவிருங்கள். அது தானே உப்பைச் சுமந்து வரும்.

கிணற்று நீரையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. நீரையோ மண்ணையோ கச்சான் காற்று வீசி நிலம் காய்ந்திருக்கும் ஆவணி வாக்கில் எடுங்கள். மழைக்குப் பின் எடுத்த மாதிரி உப்பைக் குறைத்தே காட்டும். தரையிலுள்ள மண்ணாயின் மேலிருந்து 30 சென்ரிமீற்றர் வரையும், அதற்குக் கீழே 60 வரையும் தனித்தனியே எடுத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். சோடியம் மிகுந்து மண் இறுகியிருந்தால் மட்டுமே ஜிப்சம் என்னும் கல்சியக் கனிமம் பயன்தரும். வெறும் உவராயின் நல்ல நீரும் வடிகாலுமே மருந்து. இதை அறியாமல் மூடை மூடையாக ஜிப்சம் வாங்கிப் போடுவோரைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன்.

இன்னொன்று: வெளிநாட்டுக் கன்றுகளைப் பயணப் பையில் கொண்டுவராதீர்கள். 2013-இல் இத்தாலியின் புலியா பகுதியில் கண்டறியப்பட்ட சைலெல்லா பக்டீரியா எண்ணற்ற ஒலிவ் மரங்களைக் கொன்றது. அது வேறு பல பயிர்களையும் தாக்கக்கூடியது. கன்று தருவிக்க முன்னரே கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுநீக்கச் சேவையின் அனுமதியைப் பெறுங்கள். தரையில் நட ஒரு மரம் வேண்டுமாயின், நீர் தேங்காத மேட்டு மணலுக்கு மரமுந்திரிகையும், உவர் ஓரத்துக்குத் தென்னை, இலந்தை, சப்போட்டா ஆகியனவும் பொருந்தும்.