ரெண்டு சுழியா, மூணு சுழியா?

கூட்டெழுத்தில், அதாவது கர்சிவில், எழுதுகிற பழக்கமே போய்விட்டது, பிள்ளைகளின் கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருக்கிறது, இது வருத்தப்பட வேண்டிய விஷயமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்கு என் பதில் வேறு, தமிழுக்கு வேறு.

முதலில் ஆங்கிலம். என் அப்பா இங்கே சிங்கப்பூரில், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். கையெழுத்தைப் பார்த்துத்தான் துரை வேலை கொடுத்தான் என்பார். கொஞ்சம் மிகையாக இருக்கலாம், ஆனால் பேரேடு முழுக்கக் கையால் எழுதிய காலத்தில் நல்ல கையெழுத்து ஒரு தகுதிதான். 1968இல் அந்தத் தளத்தின் கப்பல்துறை செம்பவாங் கப்பல் பட்டறை ஆனபிறகும் அவர் எழுத்து வேலையில்தான் இருந்தார். எங்கள் பள்ளிக்கூடப் படிவத்தில் கையொப்பம் போடுவதென்றாலும் பேனாவைக் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் காகிதத்தில் இறக்குவார். பெரிய 'எஸ்' ஒன்று போடுவார் பாருங்கள், அன்னம் கழுத்தை வளைத்ததுபோல் இருக்கும். கடைசிவரை கிராணியாகவே ஓய்வு பெற்றார். "கையெழுத்து நல்லாருந்தா தலையெழுத்து நல்லாருக்காது" என்று பாட்டி அவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்த வாரிசுப் பெருமையோடு நான் தொடக்கநிலை 3இல் கூட்டெழுத்து படிக்க உட்கார்ந்தேன். எனக்கு இடக்கை. வலப்பக்கம் சாய்த்து, இடமிருந்து வலமாக, பேனாவை எடுக்காமல் எழுது என்றால், எழுதியதன்மேல் என் கையே தேய்த்துக்கொண்டு போகும். பாடம் முடியும்போது சுண்டுவிரலில் தொடங்கி மணிக்கட்டுவரை நீலம். பக்கத்தில் பாதி மை, என் கையில் பாதி மை. ஆசிரியை சிவப்புப் பேனாவால் எழுதும் 'அசுத்தம்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மட்டும் அப்போதே என்னால் எந்தக் கூட்டெழுத்திலும் வாசிக்க முடிந்தது.

அதனால் எனக்கு இதில் ஒருதலைப்பட்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தையும் பாருங்கள். ஆங்கில எழுத்துகளை ஏன் சேர்த்து எழுதினார்கள்? அழகுக்காக மட்டும் இல்லை. இறகையோ நிப்பையோ ஒவ்வோர் எழுத்துக்கும் தூக்கித் தூக்கி வைத்தால் வைக்கிற இடத்தில் மை சொட்டும், நிப்பும் கெடும். தூக்காமல் இழுத்துக்கொண்டே போனால் வேகமும் கிடைக்கும், கறையும் குறையும். 1938இல் லாஸ்லோ பீரோ என்பவர் பால்பாயிண்ட் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பேனா கடைகளுக்கு வந்து மலிவானதும் பாதிக் காரணம் போய்விட்டது. அது கொஞ்சம் அழுத்தினால்தான் எழுதும், எங்கே எடுத்தாலும் சொட்டாது. கைப்பேசிமேல் பழியைப் போடுகிறோம், ஆனால் கூட்டெழுத்துக்கு முதல் அடி பேனாவிடமிருந்தே விழுந்துவிட்டது.

அமெரிக்காவில் 2010இல் வந்த பொதுப் பாடத் தரங்களில் கர்சிவ் இல்லை. பின்லாந்து 2016இல் அதைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்தது. பிறகு 2023இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. போவதும் வருவதுமாக இருக்கிறது. இருக்கட்டும்.

கூட்டெழுத்து போனதால் எனக்கு நேர்ந்த ஒரே தொல்லை கையொப்பம். சிறுவயதில் அப்பாவைப் பார்த்து ஒரு சுருள் கையொப்பம் பழகினேன். போன வருடம் ஒரு வங்கியில் பழைய கணக்கு ஒன்றை மூடப் போனால், இருபத்தைந்து வருடத்துக்கு முன் போட்டதோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். மூன்று தடவை போட்டேன். மூன்றும் மூன்று விதம். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, வாங்கிக்கொண்டு போனார். என் மகளுக்கு இந்தக் கவலை இல்லை. பேரை அச்செழுத்தில் எழுதுகிறாள், அதுதான் கையொப்பம். மற்றதெல்லாம் சிங்பாஸ் என்கிற அரசு மின்அடையாளம் பார்த்துக்கொள்கிறது.

சரி, தமிழுக்கு வருகிறேன். எனக்கு மனசு அடித்துக்கொள்வது இங்கேதான்.

தமிழில் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கிற கூட்டெழுத்து என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒட்டி எழுதுகிற பழக்கம் இருந்தது. அப்பாவின் பெட்டியில் பெரியப்பா தஞ்சாவூரிலிருந்து போட்ட நீல ஏரோகிராம்கள் ஒரு கட்டு இருக்கின்றன. மடிக்கிற ஓரம்வரை, ஒட்டுகிற நாக்கில்கூட எழுதியிருப்பார். அதில் 'லை' எழுதும்போது தனியாகக் கொம்பு போடமாட்டார். ல-வின் தலையிலிருந்தே ஒரு யானைத் தும்பிக்கை எழும்பி வளையும். ணை, ளை, னை எல்லாம் அப்படித்தான். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தில் இப்படிப் பதின்மூன்று எழுத்துகளை மாற்றியது, பிறகு நாமும் இங்கே மாறிக்கொண்டோம். படிக்கிற பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் அந்தத் தும்பிக்கையை இங்கே உங்களுக்கு எழுதிக் காட்டலாம் என்று பார்த்தால் என் போனில் வழியில்லை. எப்படி அடித்தாலும் புது 'லை'தான் வருகிறது. மகளிடம் கடிதத்தைக் காட்டினேன். "இது என்னப்பா, வாத்தா?" என்றாள்.

அவள் உயர்நிலை 3. 2021 முடிவதற்குள் இங்கே உயர்நிலைப்பள்ளி மாணவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு கருவி வந்துவிட்டதல்லவா, அவளுக்கும் உண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாள், 'பனி' என்று அடித்தால் பனி, பணி இரண்டும் வரிசையில் நிற்கும், முதலில் நிற்பதைத் தொடுவாள். மார்கழிப் பனி பணியாகப் போன வாட்ஸ்அப் செய்திகள் எங்கள் குடும்பக் குழுவில் நிறைய. குறை சொல்லவில்லை. தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமி நம் ஊர்க்காரர், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. தட்டச்சு இல்லையென்றால் அவள் தமிழில் ஒரு வரிகூட எழுதமாட்டாள்.

ஆனால் தேர்வில் கட்டுரை கையால்தான். போன மாதம் அவள் கட்டுரையைத் திருத்திக் கொடுத்த ஆசிரியர் ஓர் எழுத்தை வட்டமிட்டு, பக்கத்தில் வெறும் கேள்விக்குறி போட்டிருந்தார். கிட்டே வைத்துப் பார்த்தேன். முதல் சுழி தெளிவாக இருக்கிறது. இரண்டாவதும் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு சின்ன நடுக்கம், மூன்றாவது சுழி என்று சொன்னால் சுழி, கை வழுக்கியது என்றால் வழுக்கல். பக்கத்தைத் திருப்பினால் அதேபோல் இன்னும் நாலு. மற்ற எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருக்கின்றன, ன-வும் ண-வும் வருகிற இடத்தில் மட்டும் திடீரென்று கையெழுத்து கெடுகிறது!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இந்த வித்தை எனக்குத் தெரியும். நானும் செய்தவன்தான். ரெண்டு சுழியா மூணு சுழியா என்று தெரியாதபோது இரண்டரைச் சுழி போடுவது. ஆசிரியர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ர-வா ற-வா என்பதில் இந்தப் பாச்சா பலிக்காது, அது வேறு கதை.

நான் சொல்ல வருவது இதுதான். தமிழில் கை எழுதும்போது எழுத்தைத் தெரிந்து எழுதுகிறதா, தெரியாமல் மழுப்புகிறதா என்பது காகிதத்தில் விழுந்துவிடும். போன் மழுப்பவிடாது, ஆனால் தெரிந்துகொள்ளவும் விடாது. சுழியை அதுவே போட்டுக்கொடுத்துவிடும். அழகான கையெழுத்து எனக்கு வேண்டாம். அவள் கை எழுத்துக்கு எழுத்து முடிவெடுத்து எழுதினால் போதும்.

கையால் எழுதினால் மூளை அதிகம் வேலை செய்கிறது என்று 2024இல் நார்வே ஆய்வொன்று வெளிவந்ததை யாராவது மேற்கோள் காட்டுவார்கள். நல்ல ஆய்வுதான், ஆனால் 36 பல்கலைக்கழக மாணவர்கள், அதிலும் தட்டச்சை ஒற்றை விரலால் அடிக்கச் சொல்லி ஒப்பிட்டார்கள். என் மகளின் இரண்டு கட்டைவிரல் வேகத்தை அவர்கள் பார்க்கவில்லை.

இப்போது சனிக்கிழமை காலையில் பத்து நிமிடம் சொல்வதெழுதுதல் நடத்துகிறேன். ஒரே ஒரு விதி: எழுத்து தப்பானாலும் பரவாயில்லை, இரண்டரைச் சுழி கூடாது. முதல் வாரம் முறைத்தாள். இரண்டாவது வாரம், "அப்ப நீங்களும் எழுதுங்க, நான் சொல்றேன்" என்றாள். நியாயம்தானே, உட்கார்ந்தேன். பத்துச் சொல். ஒன்பது ஒழுங்காகப் போயிற்று. பத்தாவதாக, பிறந்தநாளுக்கு வெட்டுகிறோமே, கேக், அதற்குத் தமிழ்ப் பாடத்தில் அவர்கள் சொல்கிற அணிச்சலைக் கேட்டாள். முகர்ந்தாலே வாடும் என்கிறார்களே, அந்த அனிச்சப் பூவுக்கு ரெண்டு சுழி. அப்படியென்றால் இதற்கு? ஐம்பது வயதில் பேனா அப்படியே காற்றில் நின்றது, அப்பாவைப்போல் இரண்டு சுற்றும் சுற்றியது.

தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இது ரெண்டா, மூணா?"