இங்கிலாந்து அரசுப் பள்ளி: ஏத்தின தொடக்கச் சம்பளம் உங்களுக்கும் கிடைக்குமா?

தங்கச்சி, தமிழ்நாட்டில் பி.எட். முடிச்சு ஆறு வருஷம் கணக்கு எடுத்திருக்கேன், இங்க ஏத்தின தொடக்கச் சம்பளம் எனக்கும் உண்டான்னு கேட்டிருக்கீங்க. க்யூ.டி.எஸ். (இங்கிலாந்துல தகுதி பெற்ற ஆசிரியர்ங்கிற அங்கீகாரம்) வாங்கிட்டா உண்டு. ஆனா ஆறு வருஷ அனுபவத்தை வெச்சுக்கிட்டு நீங்க அதோட நின்னுடக் கூடாது.

தொடக்கச் சம்பளமா வருஷம் 30,000 பவுண்ட் தர்றோம்னு 2019-லேயே அரசு சொல்லிச்சு. நடுவுல சம்பள முடக்கம் வந்ததால 2023 செப்டம்பர்லதான் கைக்கு வந்துச்சு. 2025 செப்டம்பர்ல இருந்து எம்1 படிக்கு (ஆசிரியர் சம்பள அளவுகோல்ல எம்1 அடிப்படி, எம்6 மேல்படி) வருஷம் 32,916; உள் லண்டன்ல 40,317, அந்தக் கூடுதலை வாடகையே தின்னுடும். இதுல ஒண்ணு கவனிங்க: 2022-ல் புதுசா சேர்றவங்களுக்கு 8.9 சதவீதம் ஏத்தினப்போ மூத்தவங்களுக்கு 5தான். அடிப்படி மேல வந்துச்சு, எம்6 (45,352) அதே வேகத்துல ஏறல.

அதனால எந்தப் படியில சேர்றீங்கங்கிறதுதான் உங்களுக்கு முக்கியம். பழைய அனுபவத்தைக் கணக்குல எடுக்கணும்னு எந்தப் பள்ளிக்கும் கட்டாயம் இல்லை. வேலை தர்றோம்னு சொன்னதும், சரின்னு சொல்றதுக்கு முன்னாடி, பணிச் சான்றுகளை அனுப்பி எம்3 (37,101) கேளுங்க. பதிலை எழுத்துல வாங்குங்க. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டா, அடுத்த வருஷம் பார்க்கலாம்பாங்க.

க்யூ.டி.எஸ்.-க்கு அரசுத் தளத்துலயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. இந்தியாவில் பயிற்சி பெற்றவங்கள்ல 11–16 வயசுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மொழிகள் சொல்லித்தரத் தகுதி உள்ளவங்களுக்குத்தான் இந்த வழி, நீங்க அதுக்குள்ள வர்றீங்க. இது இல்லாம சேர்ந்தா தகுதி பெறாத ஆசிரியர் சம்பள அளவுகோல்ல போட்டுடுவாங்க; அது 22,601-லதான் தொடங்குது. செய்ற வேலை என்னமோ அதேதான்.

கைக்கு வர்றது? எம்1-ல ஓய்வூதியத்துக்கு 7.4 சதவீதம், வருமான வரி, தேசியக் காப்பீடு எல்லாம் போக மாசம் சுமார் 2,100 பவுண்ட். ஓய்வூதியத்தை விட்டுட்டா கூடக் கிடைக்குமேன்னு நினைக்காதீங்க, பள்ளி உங்க பேர்ல போடுற பங்கு நீங்க கட்டுறதைவிடப் பல மடங்கு.

அகாடமிப் பள்ளிகள் (அரசுப் பணத்துல நடந்தாலும் சம்பளத்தைத் தாங்களே முடிவு பண்ற பள்ளிகள்) பலதும் இதே அளவுகோலைத்தான் வெச்சிருக்கு, இருந்தாலும் ஒப்பந்தத்துல படியோட பேர் இருக்கான்னு பாருங்க. ஏஜென்சி மூலமா மாற்று ஆசிரியரா போனா வேலை செஞ்ச நாளுக்குத்தான் காசு. நாள் கூலியை 195-ஆல் (முழுநேர ஆசிரியரோட வருஷ வேலை நாள்) பெருக்கிப் பார்த்துட்டு ஒத்துக்கோங்க. விடுமுறை ஊதியத்தை அதுக்குள்ளேயே அடக்கிட்டாங்களான்னும் கேளுங்க.